களாச் செய்ய முடியாத கடமை

கடமைகளை இரண்டு கேள்விகளால் அளந்து பார்ப்பது எம்மவருக்குப் பழக்கமானது. காலம் தவறினால் பிறகு நிறைவேற்றலாமா என்பது ஒன்று. எனக்குப் பதிலாக இன்னொருவர் நிறைவேற்றலாமா என்பது மற்றது. தவறிய தொழுகையைக் களாச் செய்கிறோம். பயணத்தில் விட்ட நோன்பை வேறு நாட்களில் நோற்கிறோம். ஸகாத்தை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். தொழுகையை அப்படிக் கொடுத்தனுப்ப முடியாது. ஹஜ்ஜோ உடலும் பொருளும் சேர்ந்த கடமை. முதுமையாலோ தீராத நோயாலோ இயலாமல் போனவருக்காக அதை இன்னொருவர் செய்யலாம். சரி, சிறு பிள்ளையை வளர்ப்பது இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது? பிறகு செய்துகொள்ளலாமா? பிறர் செய்தால் நிறைவேறுமா? பிழைப்புக்காகக் கடல் கடந்த பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு விடையைத் தெரிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

இதை எமது கிராமத்தில் இருந்துகொண்டே கேட்கலாம். ஆயினும் விடைத்தாள் திருத்தும் பணிக்காகவும் வேறு அலுவல்களுக்காகவும் கொழும்பு சென்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்க நேரும்போதெல்லாம் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்நாட்டின் தமிழ் பேசும் மக்கள் வெளியே போவதற்கும் திரும்பி வருவதற்கும் இவ்விரண்டு இடங்களும் வாசற்படிகள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்துள்ள மாடிக் குடியிருப்புகளில் பல, வெளிநாட்டுக் காசில் வாங்கப்பட்டவை. கொட்டாஞ்சேனையின் சிறிய வீடுகளில் தாய் குவைத்தில் இருக்க, பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறவர் மூத்தம்மா.

யுத்த காலத்தில் இவ்விரு இடங்களின் லொட்ஜுகளிலும், முன்னே போய்விட்ட கணவன் கூப்பிடும்வரை விசாவுக்காகக் காத்திருந்த தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். மாதங்கள் வருடங்களாயின. பிள்ளை நடக்கப் பழகியதும் பேசப் பழகியதும் அந்த ஓரறைக்குள்தான். 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரிவு என்பது விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது என்பதற்காகவே இதை இங்கு நினைவுகூர்கிறேன்.

பிள்ளையை விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றித்தான் நாம் வழமையாகப் பேசுகிறோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி எம் மத்தியில் பேச்சே குறைவு. குடும்பத்தோடு இருக்கிறார்கள், அவர்களுக்கென்ன என்று சொல்லி விடுகிறோம். விடுமுறைக்கு வெள்ளவத்தை வரும் அக்குடும்பங்களின் தாய்மாரோடு ஓர் அரை மணி நேரம் பேசிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

வளைகுடா நாட்டு நகரமொன்றில் ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகள். கணவர் விடிய ஆறு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். கோடை காலம் முழுதும் யன்னல் திறக்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளையும் ஒரு வயதுப் பிள்ளையும் குளிரூட்டிய அறைக்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை. ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் மற்றதை விட்டுவிட்டு வைத்தியரிடம் போகப் பக்கத்து வீட்டில் அறிந்த முகம் இல்லை. சோறு அடுப்பில் இருக்கும்போது குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. ஊரில் இதே பெண்ணுக்கு உம்மா ஒரு வளவு, சாச்சி ஒரு வளவு, ராத்தா ஒரு வளவு. பிள்ளை எந்த வீட்டில் தூங்கி விழித்தாலும் அதற்குத் தன் வீடுதான். கிழக்கிலங்கையில் பெண்மக்கள் தாய்வீட்டை ஒட்டியே வாழும் வழமை பிள்ளை வளர்ப்புக்கு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, அதை இழந்த பிறகுதான் தெரிய வருகிறது.

லண்டனில் வாழும் குடும்பத்தின் கதை இன்னொரு விதம். தகப்பனுக்கு எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை, பகலில் தூக்கம். தாய் நாள் முழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லும் வார்த்தை, "சத்தம் போடாதீங்க, வாப்பா தூங்குறாங்க." வாப்பா என்பவர் மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவர், அவருக்காக மெதுவாகப் பேச வேண்டும் என்பதே அந்தப் பிள்ளைகள் தகப்பனைப் பற்றி முதலில் படிக்கும் பாடம். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தகப்பனும் பிள்ளையும் வெவ்வேறு நேர வலயங்களில் வாழ்கிறார்கள்.

இப்பிள்ளைகள் வெள்ளவத்தைக்கு வரும்போது மூத்தம்மாவோடு பேச மொழி இல்லை. மூத்தம்மா தமிழில் கேட்பதற்குப் பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. நடுவில் தாய் நின்று மொழிபெயர்க்கிறாள். சொந்தப் பேரனோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நிலையைச் சிலர் பெருமையாகவும் சொல்லிக் கொள்கிறார்கள். மொழி போனால் பண்பாடு போகும் என்று நாம் மேடைகளில் முழங்குகிறோம். அதைவிடச் சின்னதும் அதைவிடப் பாரதூரமானதுமான இழப்பு ஒன்று இங்கு நிகழ்கிறது. தன்னைக் கொஞ்சி, கதை சொல்லி, தாய் அடிக்க வந்தால் முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும் ஒரு மனுஷியை அந்தப் பிள்ளை இழந்துவிடுகிறது.

மூன்றாவது வகையினரும் இருக்கிறார்கள்: கூட்டிப் போய் வைத்திருந்து பின் திருப்பி அனுப்ப நேர்ந்தவர்கள். சவூதி அரேபியா 2017 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்ப அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 கூடி அது 2020இல் 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1200 ரியால், வருடத்துக்கு 14,400. பிள்ளையோடு ஒரே பாயில் படுப்பதற்கு ஒரு தகப்பன் கொடுக்க வேண்டிய வாடகை இது. கட்ட இயலாதவர்கள் குடும்பத்தை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் நின்றார்கள். சேர்ந்து வாழ்வது என்பது எல்லோருக்கும் கிடைக்கும் தெரிவு அல்ல. பல நாடுகளில் அதற்குச் சம்பள எல்லை உண்டு. கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் குடும்ப விசா எட்டாக்கனி. ஆகவே, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே" என்று இங்கிருந்து உபதேசம் செய்வது இலகு.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். இது களாச் செய்யக் கூடிய கடமையா?

வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் பலரின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம் உண்டு: "இன்னும் இரண்டு வருஷம், பிறகு வந்து பிள்ளைகளோடுதான்." அவர்கள் பொய் சொல்லவில்லை. தம்மைப் பயணிகளாகவே அவர்கள் கருதிக் கொள்கிறார்கள். பயணிக்கு மார்க்கத்தில் சலுகைகள் உண்டு. தொழுகையைச் சுருக்கலாம், சேர்க்கலாம், நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம். ஆனால் அந்தச் சலுகைக்கு எல்லையும் உண்டு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதாக நிய்யத்து வைத்தால் அவர் பயணி அல்லர் என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலை. நான்கு நாளிலேயே பயணி என்ற பெயர் போய்விடுகிறது. பதினைந்து வருடம் ஒரு நாட்டில் இருந்தவர் தன்னை இன்னும் பயணி என்று எண்ணி, தகப்பன் என்ற கடமையைச் சுருக்கிக்கொண்டே போவது எப்படி நியாயமாகும்?

பிள்ளையின் காலம் எமது காலத்தைப் போன்றதல்ல. நாற்பது வயதுக்காரனுக்கு இரண்டு வருடம் என்பது ஓர் ஒப்பந்தக் காலம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது வாழ்வின் மூன்றில் இரண்டு பங்கு. ஆசிரியர் கலாசாலையில் நாம் படித்த ஜோன் பௌல்பி என்ற உளமருத்துவர், உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், தாயையோ தாயின் இடத்தில் நிற்கும் ஒருவரையோ தொடர்ந்து பெறாத சிறு பிள்ளையின் மனம் எவ்விதம் பாதிக்கப்படுகிறது என்பதை எடுத்துக் காட்டினார். அதில் "தாயின் இடத்தில் நிற்கும் ஒருவர்" என்ற பகுதியைப் பலர் மறந்துவிட்டு, தாய்மாரைக் குற்றக் கூண்டில் ஏற்ற மட்டும் அவ்வறிக்கையைப் பயன்படுத்தினார்கள். அது தவறு. எனினும் அவர் சொன்ன அடிப்படை எம் வகுப்பறைகளில் அன்றாடம் தெரிகிறது. இரண்டு வருடம் கழித்து வந்த தாயை "அந்த உம்மா" என்றும், வளர்த்த மூத்தம்மாவை "உம்மா" என்றும் அழைக்கும் பிள்ளைகளை முதலாம் தர ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். கைத்தொலைபேசித் திரையில் அன்றாடம் முகம் காட்டும் தகப்பனின் அழைப்பு துண்டிக்கப்பட்டதும், "வாப்பாக்குச் சார்ஜ் முடிஞ்சிட்டு" என்று சொன்ன பிள்ளையும் எமது பாடசாலையில்தான் படிக்கிறது. தொலைபேசி பெரிய உபகாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ச்சல் அடிக்கும் நெற்றியில் அது கை வைக்காது.

ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு. களா என்பது அதே கடமை வேறொரு நேரத்தில் அப்படியே இருக்கும்போதுதான் சாத்தியம். இன்றைய லுஹரின் நான்கு ரக்அத்தும் நாளையும் நான்கு ரக்அத்துதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை நாளை மூன்று வயதில் இருக்காது.

இரண்டாவது கேள்வி இதைவிடச் சிக்கலானது. பிறர் செய்தால் நிறைவேறுமா?

முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட எம்மால் இயலாது. காரணம், எம் நபி (ஸல்) அவர்களின் குழந்தைப் பருவமே வேறு கைகளில் கழிந்தது. பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, பாலைவனத்தில் ஹலீமாவிடம் பால் குடித்து வளர்ந்து, ஆறு வயதில் தாய் ஆமினாவையும் எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்து, பெரிய தகப்பன் அபூதாலிபின் அரவணைப்பில் ஆளானவர் அவர். பிறர் வளர்த்தால் பிள்ளை பாழாகும் என்பவர்களுக்கு இந்த வரலாறே மறுப்பு. ஆனால் அங்கு நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் சொல்லக் கூடிய ஒருவர், இந்தப் பிள்ளை என் பொறுப்பு என்று கையில் வாங்கியிருக்கிறார். பிள்ளை ஒருபோதும் அங்குமிங்கும் விடப்படவில்லை. பின்னாளில் தம்மிடம் வந்த ஹலீமாவுக்கு நபியவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள் என்று சீறா நூல்கள் சொல்கின்றன. எம் ஊர்களில் பிள்ளை வளர்க்கும் மூத்தம்மாமாருக்கு யார் எதை விரிக்கிறார்கள்? அறுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு மூன்று பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு பெண்ணை, "சும்மா வீட்டில்தானே இருக்கிறா" என்று சொல்லும் சமூகம் நாம்.

பதிலாக ஹஜ் செய்பவர் பற்றி இன்னொரு நிபந்தனையும் உண்டு. தனது ஹஜ்ஜை முதலில் நிறைவேற்றாதவர் பிறருக்காக ஹஜ் செய்யலாகாது. இதை மத்திய கிழக்கின் ஒரு வீட்டில் பிறர் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் எம் சகோதரிக்குப் பொருத்திப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. தன் பிள்ளை ஊரில் அழ, பிறர் பிள்ளையைத் தாலாட்டுவதற்கு அவளுக்குச் சம்பளம். இதைக் கொண்டு அவளைக் குற்றம் சொல்லச் சிலர் முன்வரலாம். ஆனால் அதே சட்டம் ஹஜ்ஜைச் சக்தியுள்ளவர் மீதுதானே கடமையாக்குகிறது? சக்தி இல்லாதவரிடம் கேள்வி இல்லை. அவருடைய சக்தியைப் பறித்தவரிடமும், உதவக் கூடியவராய் இருந்தும் உதவாதவரிடமும் கேள்வி உண்டு. கணவன் வேலைக்குப் போகாமல் இருக்க, கடன்காரன் வாசலில் நிற்க, வேறு வழியின்றிப் போன ஒருத்தியின் கடமை குறைகிறது. அக்குறை எம் எல்லோருடைய கணக்கிலும் ஏறுகிறது.

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. 2005இல் பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு அவள் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். போய்ச் சில வாரங்களுக்குள் அவள் கையில் ஒரு பச்சிளங் குழந்தை கொடுக்கப்பட்டது, அது இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கின் நீதி பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஓர் ஆசிரியனாக எனக்குப் படுவது ஒன்றுதான். குழந்தை வளர்ப்பை யாரும் செய்யக் கூடிய, பயிற்சியோ முதிர்ச்சியோ தேவையற்ற மலிவான வேலையாக இரண்டு நாடுகளும் கருதின. பிள்ளைப் பருவமே முடியாத ஒருத்தியிடம் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது. அதனால் இரண்டு வீடுகள் பிள்ளையை இழந்தன.

அதே 2013ஆம் ஆண்டில் எமது அரசு ஒரு விதி கொண்டு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்ல முடியாது. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்க யார் இருக்கிறார் என்ற குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமோ, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவானது என்கிறது. வறுமை அப்படியே இருக்க வாசலை மட்டும் பூட்டியதால், பிள்ளையின் வயதை மறைப்பதும் சுற்றுலா விசாவில் போவதும் நடந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது அந்த வயதெல்லை இரண்டாக இறங்கியது. அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டைவிட்டுச் சென்றார்கள். பிள்ளைக்குத் தாய் எத்தனை வயதுவரை தேவை என்பதைத் திறைசேரியின் கையிருப்பு தீர்மானிக்குமாயின், அதைப் பிள்ளையின் நலன் என்று அழைக்க முடியுமா?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்துச் சம்பவம் ஒன்று வரலாற்று நூல்களில் வருகிறது. பால்குடி மறந்த பிள்ளைக்கே பைத்துல் மாலில் இருந்து உதவிப்பணம் என்பது அப்போதைய விதி. ஓர் இரவு குழந்தையொன்று விடாமல் அழுவதைக் கேட்டு அவர் விசாரித்தார். உதவிப்பணம் கிடைப்பதற்காக நேரத்தோடு பால் மறக்கச் செய்கிறேன் என்றாள், கேட்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய். அவர் தாயைத் தண்டிக்கவில்லை. தன் விதியால் எத்தனை குழந்தைகள் துன்புற்றனவோ என்று வருந்தி, பிறந்த நாளில் இருந்தே உதவிப்பணம் என்று விதியை மாற்றினார். தாய் பால் மறக்கச் செய்தாள் என்றால் அதற்குத் தள்ளிய விதி எது என்று முதலில் பார்த்த ஆட்சியாளர் அவர். போர்முனைக்குச் சென்ற கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தியின் ஏக்கத்தைக் கேட்டு, படைவீரர் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு மாதக் கணக்கில் எல்லை வகுத்தவரும் அவரே என்பார்கள்.

அரசைச் சொல்லிவிட்டு எம்மை விட்டுவிட முடியாது. கிழக்கிலங்கையில் தாயொருத்தி வெளிநாடு போவதன் காரணத்தைக் கேளுங்கள். "கொமருக்கு வீடு கட்ட வேணும்" என்பாள். மகளுக்கு ஐந்து வயதாகும்போதே சீதன வீட்டின் அத்திவாரம் தாயின் மனதை அரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த மகளுக்குத் தாய் மிகவும் தேவைப்படும் வருடங்களை விற்று, அவளை மணக்க வருபவனுக்குச் சீமெந்தும் ஓடும் வாங்குகிறோம். மஹரை வாங்க வேண்டியவளின் தாய், வீட்டைக் கொடுப்பதற்காகக் கடல் கடக்கிறாள். இதை மாற்றுவதற்கு எந்த வெளிநாட்டு அரசின் அனுமதியும் தேவையில்லை. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்தால் போதும்.

அப்படியாயின் போகவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. ஹாஜரா அம்மையார் பச்சிளங் குழந்தையோடு அந்நிய மண்ணில் தனித்து நின்றவர். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் அவர் ஓடிய ஓட்டம், குழந்தையின் தாகத்துக்காக ஒரு தாய் செய்த வீட்டுவேலைதான். அதையே ஹஜ்ஜின் கிரியையாக்கி, ஆண்களும் பெண்களும் மன்னரும் ஏழையும் ஓட வேண்டும் என்று வைத்த மார்க்கம் எம்முடையது. ஐந்தாம் மாடியில் இரண்டு குழந்தைகளோடு ஓடித் திரியும் பெண்ணின் நாளை நாம் மதிக்கக் கற்க இதைவிட வேறு பாடம் தேவையில்லை. அந்த ஓட்டத்தில் ஒரு சுற்றையேனும் தகப்பன் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரவு வேலைக்காரனும் பிள்ளை விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தைத் தூக்கத்தில் இருந்து எடுத்து வைக்கலாம். மூத்தம்மாவோடு பேசும் அளவுக்காவது தமிழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

விட்டுவிட்டுப் போக நேர்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. குழந்தையைப் பால் மறக்கச் செய்வதற்கே தாயும் தகப்பனும் கலந்து பேசிச் சம்மதிக்க வேண்டும் என்பது சூரத்துல் பகறாவின் 233ஆம் வசனம் தரும் வழிகாட்டல். பால் மறக்கவே ஆலோசனை என்றால், தாயையோ தகப்பனையோ மறக்கச் செய்யும் ஒரு பிரிவுக்கு எவ்வளவு ஆலோசனை வேண்டும்? யார் பிள்ளையைக் கையேற்கிறார், அவருக்கு மாதம் என்ன கொடுப்பது, எத்தனை மாதத்தில் திரும்புவது, என்ன தொகை சேர்ந்தால் போதும் என்பவை போகும் முன் பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. "போதும்" என்ற தொகை முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால் அது ஒருபோதும் வராது. வீடு முடிந்தால் மதில், மதில் முடிந்தால் மேல்மாடி.

எழுதுபவர்களாகிய எமக்கும் இதில் பங்குண்டு. வெளிநாட்டு வாழ்வு பற்றிய எம் கதைகளில் பாலைவனமும் கண்ணீரும் கொண்டுவந்த பெட்டிகளும் நிறைய வந்துவிட்டன. அந்தப் பெட்டி திறக்கப்படும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர வெட்கப்பட்டு நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து எழுதப்பட்டவை குறைவு. பெரியவர்களின் தியாகத்தைப் பிள்ளைகள் ஒருநாள் புரிந்துகொள்வார்கள் என்று நாம் நம்புகிறோம். புரிந்துகொள்ளவும் கூடும். ஆனால் மன்னிக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் சுமத்துவதற்கு முன், இன்று அவர்கள் கேட்பது என்ன என்று ஒருமுறை குனிந்து கேட்பது பெரியவர்களாகிய எம் கடமை. அது இன்றைக்குரிய கடமை. நாளைக்கு அதன் நேரம் போய்விடும்.